டெசரக்ட் 5 கம்பைல் ஆகவில்லை, பிராசசர் பழசு என்பதாலா?

4 மார்ச் 2023, காலை 11.20 (கேள்வி)

தாத்தா சேர்த்து வைத்த 1950களின் வார இதழ்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்ற ஆசை. அதற்கு டெசரக்ட் என்ற மென்பொருள் (படத்திலிருந்து எழுத்தைப் படிப்பது) இருக்கிறது. என் லினக்ஸ் உபுண்டு 22.04-இல் ஏபிடி என்ற நிறுவும் கருவி மூலம் வருவது அதன் 4.1.1 பதிப்பு. ஐந்தாம் பதிப்பு வேகமானது என்றார்கள், அதனால் கிட் களஞ்சியத்திலிருந்து மூலநிரலை இறக்கினேன். ஆட்டோஜென் ஒழுங்காக ஓடியது. கம்பைல் செய்யுமுன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் மட்டும் நாலாயிரத்துச் சொச்சமாவது வரியில் நின்றுவிடுகிறது. "எதிர்பாராத டோக்கன் -எம்ஏவிஎக்ஸ் அருகே சின்டாக்ஸ் எரர்" என்கிறது. என் மடிக்கணினி 2010-இல் வாங்கியது. அதன் பிராசசரில் ஏவிஎக்ஸ் (கணக்குகளை வேகமாகச் செய்யும் கட்டளைத் தொகுதி) கிடையாது என்று தேடித் தெரிந்துகொண்டேன். ஆக, டெசரக்ட் 5 இந்தக் கணினிக்கு ஆகாது. சரிதானே?

4 மார்ச் 2023, பிற்பகல் 1.05 (பதில்; இதிலிருந்து எழுதுவது நான்)

சரியில்லை. பிராசசரை விட்டுவிடுங்கள், அது பாவம். ஏவிஎக்ஸ் இல்லாத கணினியிலும் டெசரக்ட் 5 ஓடும். ஓடும்போதுதான் பிராசசருக்கு என்ன தெரியும் என்று பார்த்து அதற்கேற்ற வழியை எடுத்துக்கொள்ளும். கான்ஃபிகர் அங்கே பார்க்க வந்தது உங்கள் கம்பைலருக்கு '-எம்ஏவிஎக்ஸ்' என்ற கொடி (ஆணையோடு தரும் விருப்பக் குறி) புரியுமா என்பதை. அதைக்கூடப் பார்க்கவில்லை, பார்ப்பதற்கு முன்பே விழுந்துவிட்டது.

உங்களிடம் இல்லாதது ஆட்டோகான்ஃப்-ஆர்கைவ் என்ற பேக்கேஜ். ஏபிடி இன்ஸ்டால் போட்டு நிறுவுங்கள்.

(ஆணைகளையும் கோப்புப் பெயர்களையும் வாயில் வரும் ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் இப்படியே அடித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.)

4 மார்ச் 2023, பிற்பகல் 1.40

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மந்திரம் போட்டதுபோல் ஆகிவிடும். கான்ஃபிகர் யாரும் கையால் எழுதிய கோப்பு அல்ல. கான்ஃபிகர்.ஏசி என்ற சின்னக் கோப்பில் எம்4 மேக்ரோக்கள் (பிறகு விரித்து எழுதப்படும் சுருக்கப் பெயர்கள்) இருக்கும், ஆட்டோஜென் ஓடும்போது அவை விரிந்து ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஷெல் ஸ்கிரிப்டாகும். 'ஏஎக்ஸ்' என்று தொடங்கும் மேக்ரோக்களின் விரிவு ஆட்டோகான்ஃப்-ஆர்கைவில் இருக்கிறது. அது இல்லை என்றால் ஆட்டோகான்ஃப் கத்த வேண்டும் அல்லவா? கத்தாது. பெயர் தெரியாத மேக்ரோவை எழுத்து மாறாமல் ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிட்டுப் போய்விடும்.

கல்யாணப் பத்திரிகை மாதிரியில் 'மணமகன் பெயர் இங்கே' என்ற வரியை மாற்ற மறந்து, அப்படியே அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்ததுபோல. அச்சகத்தில் யாருக்கும் தவறு தெரியவில்லை. படிக்கிறவன்தான் விழிக்கிறான். இங்கே படிக்கிறவன் ஷெல், ஸ்கிரிப்டை வரிவரியாக ஓட்டும் நிரல். ஒரு பெயர், உடனே அடைப்புக்குறி என்று பார்த்ததும் ஏதோ ஃபங்ஷன் எழுதப் போகிறார்கள் என்று நினைத்து மூடும் அடைப்புக்குறியை எதிர்பார்க்கிறது. வந்தது '-எம்ஏவிஎக்ஸ்'. அதுதான் எதிர்பாராத டோக்கன்.

ஆகவே அந்தப் பிழைச் செய்தியில் ஏவிஎக்ஸ் என்ற சொல் இருப்பது வெறும் தற்செயல். இடறி விழுந்த இடத்தில் கிடந்த கல்.

4 மார்ச் 2023, இரவு 9.40

நிறுவிய பிறகும் அதே பிழை என்கிறார் கேள்வி கேட்டவர். தப்பு என்னுடையது. ஆட்டோஜென்னை மறுபடி ஓட்டச் சொல்ல மறந்தேன். மாற்றாமல் அச்சடித்த பத்திரிகை இன்னும் உங்கள் கோப்புறையில்தான் இருக்கிறது. மாதிரியைத் திருத்தினால் போதுமா, மறுபடி அச்சடிக்க வேண்டாமா? முதலில் ஆட்டோஜென், அதன் பின் கான்ஃபிகர்.

5 மார்ச் 2023, காலை 8.15

ஏவிஎக்ஸ் பிழை போயிற்று, இப்போது லெப்டோனிகா (டெசரக்ட் படங்களைப் படிக்கப் பயன்படுத்தும் நிரல் நூலகம்) இல்லை என்று வருகிறது என்கிறார். நல்லது. ஒவ்வொரு தடவையும் வேறு பிழை வந்தால் வேலை முன்னேறுகிறது என்று பொருள்.

அவருக்கு வந்த செய்தி இது: "லெப்டோனிகா 1.74 அல்லது அதற்கு மேல் வேண்டும். லிப்லெப்டோனிகா-டெவ் பேக்கேஜை நிறுவிப் பாருங்கள்." இதை எழுதிய மனிதருக்கு ஒரு காபி வாங்கித் தர வேண்டும். எது இல்லை, எந்தப் பதிப்பு வேண்டும், எந்தப் பெயரில் கிடைக்கும், மூன்றும் ஒரே செய்தியில். முந்தைய பிழையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நடந்தது ஒன்றுதான், ஒரு பேக்கேஜ் இல்லை. ஒன்று பிராசசரைச் சந்தேகிக்க வைத்தது, இன்னொன்று கையைப் பிடித்துக் கடைக்கே கூட்டிப் போகிறது.

ஒரு யோசனை. ஏபிடி தரும் லெப்டோனிகா எப்போதும் கொஞ்சம் பழசாகத்தான் இருக்கும். டெசரக்டை மூலநிரலிலிருந்து கட்டுகிறவர் லெப்டோனிகாவையும் அப்படியே கட்டிவிடலாம். நான் 2021-இல் அப்படித்தான் செய்தேன். இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

[13 மார்ச்: மேலே உள்ள பத்தியை நம்பாதீர்கள். கீழே பாருங்கள். வெட்கத்துக்காக அழிக்காமல் விட்டிருக்கிறேன்.]

5 மார்ச் 2023, மாலை 6.30

"லெப்டோனிகா என்னிடம் ஏற்கெனவே இருக்கிறதே, பழைய டெசரக்ட் 4.1.1 அதை வைத்துத்தானே ஓடுகிறது?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. எல்லோரும் ஒருமுறை கேட்கும் கேள்வி.

ஓடுவதற்கு வேண்டியது வேறு, கட்டுவதற்கு வேண்டியது வேறு. ஓடும் நிரலுக்கு லிப்லெப்ட் என்ற பகிர்வு நூலகக் கோப்பு மட்டும் போதும். கட்டும்போது கம்பைலருக்கு ஹெடர் கோப்புகள் (நூலகத்தில் என்னென்ன ஃபங்ஷன் இருக்கின்றன என்ற பட்டியல்) வேண்டும், பிகேஜி-கான்ஃபிக் (நூலகம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் கருவி) படிக்க ஒரு சின்ன .பிசி கோப்பு வேண்டும். டெபியனும் உபுண்டுவும் இவற்றைப் பிரித்து '-டெவ்' என்ற வாலோடு தனிப் பேக்கேஜாக வைத்திருக்கின்றன. ஃபெடோராவில் அந்த வால் '-டெவல்'. ஆர்ச்சில் வாலே கிடையாது, எல்லாம் ஒரே மூட்டை. ஆர்ச்காரர்கள் இந்த இழையைப் படித்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இதில் உண்மையான தொல்லை பெயர்கள்தான். ரேஷன் கார்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர் என்று சிலருக்கு இருக்குமே, அதுபோல. நூலகத்தின் பெயர் லெப்டோனிகா. உபுண்டு பேக்கேஜ் லிப்லெப்டோனிகா-டெவ். பிகேஜி-கான்ஃபிக்குக்கு அது 'லெப்ட்'. கம்பைலர் கேட்கும் ஹெடரின் பெயர் என்ன தெரியுமா? 'ஆல்ஹெடர்ஸ்.எச்'. "ஆல்ஹெடர்ஸ்.எச் இல்லை" என்று திரையில் வந்தால் புதிதாக வந்தவன் தன் கணினியில் ஒரு ஹெடரும் இல்லை என்று நினைப்பானா, லெப்டோனிகா இல்லை என்று நினைப்பானா?

6 மார்ச் 2023, காலை 7.50

ஆல்ஹெடர்ஸ் பற்றி நேற்று எழுதினேன், ராத்திரியே ஒருவர் அதோடு வந்துவிட்டார். பைத்தானில் டெசரோசிஆர் என்ற டெசரக்ட் இணைப்பைப் பிப் (பைத்தானின் நிறுவும் கருவி) மூலம் நிறுவப் பார்த்தாராம். அனுப்பியிருக்கும் பிழை "ஆணை எக்சிட் கோட் 1 உடன் தோற்றது" என்ற கடைசி வரி மட்டும்.

கடைசி வரியை ஏன் அனுப்புகிறீர்கள்? பஸ் நின்றுவிட்டது என்று கண்டக்டர் சொல்வதுதான் அது. நின்றது எல்லோருக்கும் தெரியும். ஏன் நின்றது என்பது நூறு வரி மேலே இருக்கும். 'ஃபேட்டல் எரர்' என்று முதலில் எங்கே வருகிறதோ அந்த வரியை மட்டும் அனுப்புங்கள். மீதி அதன் பிள்ளை குட்டிகள்.

மேக் (கம்பைல் வேலையை நடத்தும் ஆணை) ஓட்டும்போது '-ஜே4' போட்டிருந்தால் நாலு வேலையின் புலம்பலும் கலந்து வரும், முதல் பிழை நடுவில் புதைந்துவிடும். பிழை வந்ததும் அந்தக் கொடியை எடுத்துவிட்டு இன்னொருமுறை ஓட்டுங்கள். கடைசியில் நிற்பது எதுவோ அதுதான் குற்றவாளி.

பைத்தான் நண்பருக்கு: லிப்லெப்டோனிகா-டெவ், லிப்டெசரக்ட்-டெவ். பைத்தான்.எச் இல்லை என்றும் வந்தால் பைத்தான்3-டெவ்.

6 மார்ச் 2023, காலை 8.05

கோப்புப் பெயரை வைத்துப் பேக்கேஜைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லாமல் விட்டேன். ஏபிடி-ஃபைல். நிறுவி, ஒருமுறை அப்டேட் கொடுத்துவிட்டு, 'ஏபிடி-ஃபைல் சர்ச் ஆல்ஹெடர்ஸ்.எச்' என்றால் எந்தப் பேக்கேஜுக்குள் அந்தக் கோப்பு இருக்கிறது என்று சொல்லிவிடும். நிறுவாத பேக்கேஜ்களுக்குள்ளும் தேடும், அதுதான் அதன் அருமை. டிபிகேஜி -எஸ் நிறுவியவற்றில் மட்டும்தான் தேடும்.

பிழைச் செய்தியை அப்படியே கூகுளில் போட்டு, 2013-இல் யாரோ யாருக்கோ சொன்ன ஆறு பேக்கேஜ்களையும் நிறுவும் பழக்கம் எனக்கும் இருந்தது. அதில் ஒன்று வேலை செய்யும். எது என்று தெரியாது. அடுத்த கணினியிலும் ஆறையும் நிறுவுவோம்.

7 மார்ச் 2023, இரவு 10.20

இது கொஞ்சம் விலகல்தான்.

முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு சி++ மென்பொருள் இருந்தது. அது ஒரே ஒரு கணினியில்தான் கம்பைல் ஆகும். அது மூத்தவர் ஒருவரின் மேசைக் கணினி. புதுப் பதிப்பு வேண்டுமென்றால் அவர் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து நாங்கள் அவர் நாற்காலியில் உட்காருவோம். ஏன் வேறு கணினியில் ஆகவில்லை என்று யாரும் கேட்கவில்லை, ஆகிற இடத்தில் ஆகிறதே. அவர் வேலையை விட்டார். நிர்வாகம் வழக்கம்போல் கணினியை ஃபார்மட் செய்து புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கொடுத்தது.

ஒன்பது வேலைநாள் ஆயிற்று எங்களுக்கு. ஒரு பிழையைத் தீர்த்தால் அடுத்தது. பெரும்பாலும் '-டெவ்' பேக்கேஜ்கள்தான். கடைசியாக மாட்டிய ஒரு ஹெடர் எந்தப் பேக்கேஜிலும் இல்லை. அவரை ஃபோனில் பிடித்துக் கேட்டால், "ஓ அதுவா, நான் எழுதியதுதான், யுஎஸ்ஆர்/இன்க்ளூடில் போட்டு வைத்திருந்தேன்" என்றார். நாற்பது வரி. ஃபோனிலேயே அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவர்மேல் கோபம்கூட வரவில்லை. எங்கள் ஆறு பேரில் ஒருவன்கூடச் சுத்தமான கணினியில் ஒருமுறை கட்டிப் பார்த்ததில்லையே.

12 மார்ச் 2023, காலை 10.00

கேள்வி கேட்டவருக்கு டெசரக்ட் 5 கட்டி முடிந்தது. மேக் இன்ஸ்டாலுக்குப் பிறகு "லிப்டெசரக்ட்.எஸ்ஓ.5-ஐத் திறக்க முடியவில்லை" என்று வந்ததாம், தானாகவே கண்டுபிடித்து எல்டிகான்ஃபிக் ஓட்டிவிட்டார். சபாஷ். அது கம்பைல் பிழை அல்ல. கட்டிய நூலகம் யுஎஸ்ஆர்/லோக்கலுக்குப் போய்விட்டது, ஓடும்போது நூலகங்களைத் தேடி எடுக்கும் லோடரின் பட்டியலில் இன்னும் ஏறவில்லை, எல்டிகான்ஃபிக் அதை ஏற்றியது, அவ்வளவுதான்.

அடுத்து 'டாம்' மொழியை ஏற்ற முடியவில்லை என்றதாம். தமிழுக்கான டிரெய்ன்ட்டேட்டா கோப்பு (எழுத்துகளைக் கற்ற மொழித் தரவு) ஏபிடி வழியாக வந்தால் யுஎஸ்ஆர்/ஷேருக்குள் டெசரக்ட்-ஓசிஆர்/4.00 என்ற கோப்புறையில் இருக்கும். நாமே கட்டிய டெசரக்ட் யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/டெஸ்டேட்டாவில் தேடும். அங்கே நகலெடுத்து வையுங்கள், இல்லையென்றால் டெஸ்டேட்டா_ப்ரிஃபிக்ஸ் என்ற மாறியில் பாதையைச் சொல்லுங்கள்.

ஒரு மாதிரிப் பக்கம் அனுப்பியிருக்கிறார். இன்று என் கணினியில் ஓட்டிப் பார்க்கிறேன்.

12 மார்ச் 2023, பிற்பகல் 3.30

அவர் கணினியில் ஓடுகிற பக்கம் என் கணினியில் ஓடவில்லை.

"பிக்ஸ்ரீட்ஸ்ட்ரீம்பிஎன்ஜி: ஃபங்ஷன் இல்லை" என்கிறது. அவர் அனுப்பியது பிஎன்ஜி கோப்பு. ஃபங்ஷன் எப்படி இல்லாமல் போகும்? கம்பைல் ஆகியிருக்கிறது, லிங்க் ஆகியிருக்கிறது, இரண்டு வருடமாக ஓடிக்கொண்டும் இருக்கிறது.

13 மார்ச் 2023, அதிகாலை 1.10

கிடைத்தது. தூக்கம் போனாலும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

2021-இல் உபுண்டு 20.04 வைத்திருந்தேன். அதில் இருந்த லெப்டோனிகா 1.79 பழசு என்று 1.82-ஐ மூலநிரலிலிருந்து கட்டினேன். அன்று என் கணினியில் லிப்பிஎன்ஜி-டெவ் இல்லை. லெப்டோனிகாவின் கான்ஃபிகர் அதைப் பார்த்தது. இல்லை என்றதும் நிற்கவில்லை. பிஎன்ஜி படிக்கும் நிரலுக்குப் பதிலாக ஒரு பொம்மை நிரலை வைத்துக் கட்டிவிட்டது. அந்தப் பொம்மை செய்யும் ஒரே வேலை, யாராவது கூப்பிட்டால் "ஃபங்ஷன் இல்லை" என்று சொல்வது. நூற்றுக்கணக்கான வரிகள் ஓடிய கான்ஃபிகர் வெளியீட்டில் பிஎன்ஜிக்கு எதிரே "நோ" என்று ஒரு வரி வந்திருக்கும். யார் படித்தார்கள்? நான் படிக்கவில்லை.

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை? என் ஸ்கேனர் ஜேபெக் தருகிறது. லிப்ஜேபெக்-டெவ் அன்று எப்படியோ இருந்திருக்கிறது.

இன்று என் கணினியில் லிப்பிஎன்ஜி-டெவ் இருக்கிறது, வேறு எதற்கோ கெய்ரோ என்ற வரைகலை நூலகத்தை நிறுவியபோது கூடவே வந்தது. வந்து என்ன பயன், லெப்டோனிகா பிறந்த அன்று அது இல்லையே. கட்டிய பிறகு வாங்கி வைத்த செங்கல் தானாகச் சுவரில் ஏறுமா?

இதற்கு மேலும் ஒன்று. ஏபிடி தந்த பழைய டெசரக்டும் அதே பிஎன்ஜியைப் படிக்க மறுக்கிறது! அதற்கும் நான் கட்டியதற்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்திருந்தேன். எல்டிடி (ஒரு நிரல் எந்த நூலகங்களை எடுக்கிறது என்று காட்டும் ஆணை) போட்டுப் பார்த்தால், லிப்லெப்ட்.எஸ்ஓ.5 என்ற பெயர் இரண்டு லெப்டோனிகாவுக்கும் பொது. லோடரின் தேடல் வரிசையில் யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் முன்னால் நிற்கிறது. ஆக, நான் கட்டிய குறைப்பிரசவம்தான் எல்லோருக்கும் போய்க்கொண்டிருந்தது. 20.04-லிருந்து 22.04-க்கு மேம்படுத்தியபோதும் யுஎஸ்ஆர்/லோக்கலை யாரும் தொடவில்லை. அது நம் சொந்தக் கொல்லை, ஏபிடி உள்ளே வராது.

13 மார்ச் 2023, காலை 9.00

தூங்கி எழுந்து யோசித்தது. 5-ஆம் தேதி நான் சொன்ன யோசனையை முழுதாகத் திரும்பப் பெறுகிறேன். 22.04-இல் ஏபிடி தரும் லெப்டோனிகா 1.82.0. டெசரக்டுக்கு வேண்டியது 1.74. பழசு என்று நான் சொன்னதில் பொருளே இல்லை. அதைவிட, ஏபிடியின் லெப்டோனிகாவைக் கட்டியவர்களிடம் பிஎன்ஜி, டிஃப், வெப்பி எல்லாம் இருந்தன. என்னிடம் எது இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. கேள்வி கேட்டவர் என் பேச்சைக் கேட்காமல் ஏபிடியிலேயே நிறுவியதால் தப்பித்தார்.

சரிபார்க்க வழி சுலபம். 'டெசரக்ட் --வெர்ஷன்' என்று கொடுங்கள். பதிப்பு எண்ணுக்குக் கீழே லெப்டோனிகாவின் பதிப்பும், அதற்கும் கீழே லிப்கிஃப், லிப்ஜேபெக், லிப்பிஎன்ஜி, லிப்டிஃப், இசட்லிப் என்று வரிசையும் வரும். என் பட்டியலில் லிப்பிஎன்ஜி இல்லை. இத்தனை நாளும் அந்த ஆணையை ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன், மேல்வரியைப் படித்துவிட்டு மூடிவிடுவேன்.

யுஎஸ்ஆர்/லோக்கலில் இருந்த லிப்லெப்ட் கோப்புகள், லெப்டோனிகா ஹெடர் கோப்புறை, லெப்ட்.பிசி எல்லாவற்றையும் கையால் நீக்கினேன். எல்டிகான்ஃபிக். பிஎன்ஜி படிக்கிறது. டெசரக்ட் 5-ஐயும் புதிதாகக் கட்டி நிறுவினேன். வேலை முடிந்தது, இடம் அடைக்கிறது என்று மூலநிரல் கோப்புறையை அழித்துவிட்டேன், ஆட்டோகான்ஃப்-ஆர்கைவையும் நீக்கிவிட்டேன்.

2 ஏப்ரல் 2023

வாடகை சர்வரில் கட்டும் ஒருவர்: "சிசி1பிளஸ் கொல்லப்பட்டது" என்று வருகிறது, எந்த டிபென்டன்சி இல்லை? ரேம்தான் இல்லை. 1 ஜிபியில் நாலு கம்பைலரை ஒரே நேரத்தில் ஓட்டினால் கர்னல் ஒன்றைக் கொல்லும். '-ஜே1' போடுங்கள், ஸ்வாப் சேருங்கள்.

19 ஏப்ரல் 2023

முதல் கேள்வியாளர் திரும்பி வந்திருக்கிறார். கம்பைல் பிரச்சினை தீர்ந்தது, உண்மையான பிரச்சினை இப்போதுதான் ஆரம்பம்.

1950களின் இதழ்கள் என்றாரே, அவை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையவை. தும்பிக்கை வைத்த லை, ளை, ணை, னை. சுழித்த ணா, றா, னா. எங்கள் பாட்டி கடைசிவரை கடிதத்தில் அந்த லைதான் போட்டார். டெசரக்ட் அந்த வடிவங்கள் வரும் இடங்களில் எல்லாம் ஏதேதோ உளறுகிறது. 'தலைவர்' வராத பக்கம் அந்தக் கால அரசியல் இதழில் ஏது?

பழைய வடிவங்களைக் காட்டி டெசரக்டுக்குப் பயிற்சி தர வேண்டும். அதற்குப் பயிற்சிக் கருவிகளைத் தனியாகக் கட்ட வேண்டும். 'மேக் டிரெயினிங்' கொடுத்தால் "பிழைகள் வராதபடி திட்டத்தை மறுபடி கான்ஃபிகர் செய்ய வேண்டும்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அமைதியாக முடிந்துவிடுகிறதாம். பிழையும் இல்லை, கருவியும் இல்லை.

இப்போது எனக்கு இந்த ஜாதகம் பழகிவிட்டது. கான்ஃபிகர் வெளியீட்டில் "ஐசியு கிடைக்கவில்லை, பயிற்சிக் கருவிகள் கட்டப்பட மாட்டாது" என்று (ஐசியு என்பது யூனிகோட் நூலகம்) எச்சரிக்கை வந்திருக்கும், மேலே போய்ப் பாருங்கள் என்றேன். இருந்தது. லிப்ஐசியு-டெவ், லிப்பாங்கோ1.0-டெவ், லிப்கெய்ரோ2-டெவ். மூன்றையும் நிறுவி, கான்ஃபிகரை மறுபடி ஓட்டி, முடிவில் பயிற்சிக் கருவிகளைக் கட்டலாம் என்று வருகிறதா என்று பார்த்துவிட்டு மேக். அதே செய்தியில் ஆஸ்கிடாக் இல்லை, ஆவணங்கள் கட்டப்படாது என்றும் வரும். அதை விடுங்கள், உதவிப் பக்கங்கள்தான்.

11 ஜூன் 2023

பழைய லை பற்றிக் கேட்டவர்களுக்கு. யூனிகோடில் பழைய லைக்கும் புது லைக்கும் குறியீடு ஒன்றுதான், வடிவம் எழுத்துருவின் கையில். ஆகவே உரையை மாற்ற வேண்டாம், பழைய வடிவத்தைக் காட்டும் எழுத்துரு வேண்டும். டெக்ஸ்ட்2இமேஜ் என்ற கருவி அந்த எழுத்துருவில் உரையைப் படமாக்கித் தரும், அதை வைத்துப் பயிற்சி.

எழுத்துரு நிறுவப்படவில்லை என்றால் என்ன ஆகும்? பொதுவாகப் பாங்கோ என்ற எழுத்து வரையும் நூலகம் தன்னிடம் இருக்கும் வேறொன்றைச் சத்தமில்லாமல் போட்டுவிடும். அப்படிப் போட்டிருந்தால் புது லையை ஆயிரம் படமாக எடுத்து, பழைய லை கற்றுக்கொடுத்ததாக நினைத்து ஒரு ராத்திரி முழுக்க ஓட்டியிருப்போம். டெக்ஸ்ட்2இமேஜ் எழுதியவர்கள் அதற்கு இடம் தரவில்லை. "நீங்கள் கேட்ட எழுத்துரு இல்லை, பாங்கோ இன்னொன்றைப் பரிந்துரைத்தது, சரியான பெயரைக் கொடுங்கள்" என்று நின்றுவிடுகிறது. லெப்டோனிகாவின் பொம்மை நிரலில் அடி வாங்கியவன் என்ற முறையில் இந்த ஒரு வரிக்காக அவர்களைக் கும்பிடுகிறேன். மார்ச்சில் ஏவிஎக்ஸ் செய்தியை நான் கேலி செய்தேன். அதுவாவது நின்றது. இரண்டு வருடம் நிற்காமல் ஓடியதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

24 ஜூன் 2023

பயிற்சியில் இன்னொரு சிக்கல், சுருக்கமாக. "இது இன்டீஜர் மாடல், பயிற்சியைத் தொடர முடியாது" என்று வந்தால், நீங்கள் கையில் வைத்திருப்பது 'ஃபாஸ்ட்' வகைக் கோப்பு. ஏபிடியில் வருவது அதுதான். 'டெஸ்டேட்டா_பெஸ்ட்' களஞ்சியத்தில் இருக்கும் டாம் கோப்பை எடுங்கள்.

30 ஆகஸ்ட் 2023

கேள்வியாளர் ஒரு பக்கத்தின் முடிவை அனுப்பியிருக்கிறார். தும்பிக்கை லை பெரும்பாலும் சரியாக வருகிறது. விளம்பரப் பத்தியில் கோபால் பல்பொடியை என்னவோ செய்திருக்கிறது. ஆனால் அவர் தாத்தா மார்ஜினில் பென்சிலால் எழுதியிருக்கும் குறிப்புகள் வரவில்லையாம். கையெழுத்துக்கு எந்தப் பேக்கேஜ் என்று கேட்கிறார். அப்படி ஒரு பேக்கேஜை நான் பார்த்ததில்லை, அதை நீங்களேதான் உட்கார்ந்து தட்டச்ச வேண்டும். அதுதான் படிக்க வேண்டிய பகுதியும்.

26 மே 2024

உபுண்டு 24.04 வந்துவிட்டது. ஏபிடியிலேயே டெசரக்ட் 5.3.4. இந்த இழையின் முதல் பாதி இனி பழங்கதை. புதிதாக வருகிறவர்கள் கட்டத் தேவையில்லை, நிறுவுங்கள், போங்கள்.

9 ஜூன் 2024

நானும் மேம்படுத்தினேன். 'டெசரக்ட் --வெர்ஷன்' கொடுத்தால் பழைய எண்ணே வருகிறது. எந்தக் கோப்பு ஓடுகிறது என்று 'விச்' போட்டுப் பார்த்தேன். யுஎஸ்ஆர்/லோக்கல்/பின். போன வருடம் நான் கட்டியது கொல்லையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

லெப்டோனிகாவைக் கையால் பொறுக்கி நீக்கியதுபோல் இதில் முடியாது, கோப்புகள் அதிகம். முறையாக 'மேக் அன்இன்ஸ்டால்' கொடுக்கலாம் என்றால் மூலநிரல் கோப்புறை அழிந்துபோயிற்று (13 மார்ச், கடைசி வரி). சரி, அதே பதிப்பை மறுபடி கிட்டிலிருந்து இறக்கினேன். மேக்ஃபைல் வேண்டுமே, அதற்கு ஆட்டோஜென், பிறகு கான்ஃபிகர். ஆட்டோஜென் ஒழுங்காக ஓடியது.

கான்ஃபிகர் நின்ற இடம்: எதிர்பாராத டோக்கன், -எம்ஏவிஎக்ஸ் அருகே.

மேலே போய் என் முதல் பதிலைப் படித்துக்கொண்டேன்.